முழங்கால் தட்டல் முதல் கண்பாவை வரை: அனிச்சைச் செயல்களைச் சரியாகச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

முழங்காலுக்குக் கீழே லேசாகத் தட்டினால் கால் தானாக முன்னே எழும் என்று பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். ஆனால் ஒருவரை உட்கார வைத்துத் தட்டிப் பார்த்தால் பலருக்குக் கால் அசைவதே இல்லை. உடனே "எனக்கு நரம்பில் ஏதோ கோளாறு" என்ற பயம் வந்துவிடுகிறது. பெரும்பாலும் கோளாறு நரம்பில் இருக்காது. தட்டிய இடம் தவறாக இருக்கும், பாதம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும், அல்லது உட்கார்ந்திருப்பவர் தன்னையறியாமல் தொடையை இறுக்கிக்கொண்டிருப்பார்.

ஒவ்வொரு அனிச்சைச் சோதனையும் குறிப்பிட்ட ஒரு நரம்புப் பாதையிடம் நாம் கேட்கும் கேள்வி. எந்தப் பாதை, எங்கே நுழைகிறது, எங்கே திரும்புகிறது என்று தெரிந்தால்தான் கிடைக்கும் பதிலுக்கு அர்த்தம் உண்டு. இன்னொன்றையும் தொடக்கத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கால் எவ்வளவு உயரம் எழுகிறது என்பதைவிட, வலது காலும் இடது காலும் ஒரே அளவில் எழுகின்றனவா என்பதுதான் முக்கியம்.

தட்டும்போது உள்ளே என்ன நடக்கிறது

முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாணை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் பட்டையை, தட்டுகிறோம். அந்தத் தசைநாண் சில்லு வழியாகத் தொடையின் முன்பக்கத் தசையோடு சேர்ந்திருக்கிறது. தட்டியதும் நாண் உள்ளே அமுங்கி, தொடைத் தசை மிகச் சிறிய அளவு நீள்கிறது. தசைக்குள்ளே புதைந்திருக்கும் தசைக்கதிர் என்ற உணர்வேற்பி அந்த நீட்சியை உணர்ந்து சைகை அனுப்புகிறது. தோலில் அடி பட்டதால் கால் எழுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. தோலுக்கு இதில் பங்கே இல்லை.

சைகை என்பது மின்மாற்றம். ஓய்வில் இருக்கும் நரம்புச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். தூண்டப்பட்டதும் சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்து அது நேர்மின் பக்கம் தாவுகிறது. உடனே பொட்டாசியம் வெளியேற, பழைய நிலை திரும்புகிறது. ஓர் இடத்தில் இது நடந்து முடிய ஒரு மில்லி வினாடி போதும். நரம்பிழையைச் சுற்றியுள்ள மயலின் என்ற கொழுப்பு உறையில் இடையிடையே இடைவெளிகள் உண்டு. சைகை அந்த இடைவெளிகளில் மட்டும் புதுப்பிக்கப்பட்டுத் தாவித் தாவிச் செல்வதால் வேகம் கூடுகிறது. 1850இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் அளந்த வேகம் வினாடிக்குச் சுமார் 27 மீட்டர். மனிதத் தசைக்கதிரிலிருந்து புறப்படும் தடித்த, மயலின் உறை கொண்ட இழைகளில் அது அதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம்.

இந்தச் சைகை போய்ச் சேரும் இடம் தண்டுவடத்தின் இடுப்புப் பகுதி. நரம்பியல் மருத்துவர்கள் எல் 2 முதல் எல் 4 வரை என்று குறிப்பிடும் துண்டுகள் அவை. தண்டுவடம் முதுகெலும்புத் தொடரின் முழு நீளத்துக்கும் வருவதில்லை. வளர்ந்தவர்களுக்கு அது முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு அருகிலேயே முடிந்துவிடும். அதனால் இந்த எல் துண்டுகள் இருப்பது கீழ் விலா எலும்புகளின் உயரத்தில். சைகை அந்த உயரம் வரை ஏறிப் போய்த் திரும்ப வேண்டும்.

தண்டுவடத்தில் உணர்வு நரம்பு நேரடியாக இயக்க நரம்பைத் தொடுகிறது. நடுவில் வேறு நியூரான் (நரம்புச் செல்) கிடையாது, நரம்பும் நரம்பும் சந்திக்கும் இடமான சினாப்ஸ் ஒன்றே ஒன்றுதான். அங்கே ஆகும் தாமதம் ஒரு மில்லி வினாடிக்கும் குறைவு. இயக்க நரம்பு திரும்பி வந்து தசையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்க, தசை சுருங்குகிறது. தட்டியதிலிருந்து தசையில் மின் அசைவு தெரியும் வரை ஆகும் நேரம் சுமார் 20 மில்லி வினாடி. தசை இழுவிசை கூடி, கனமான காலைத் தூக்க இன்னும் சற்று நேரம் பிடிக்கும்.

அதே நொடியில் இன்னொரு வேலையும் நடக்கிறது. உணர்வு நரம்பின் ஒரு கிளை தடுக்கும் வகை இடைநியூரான் ஒன்றைத் தூண்டி, தொடையின் பின்புறத் தசையைத் தளர்த்தி வைக்கிறது. முன்தசை இழுக்கும்போது பின்தசையும் எதிர்த்து இழுத்தால் கால் எழாது அல்லவா? இந்தப் பரஸ்பரத் தடுப்பை விரிவாக ஆராய்ந்தவர் ஆங்கிலேய உடலியல் அறிஞர் ஷெரிங்டன். சினாப்ஸ் என்ற சொல்லை 1897இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. 1932இல் இன்னொரு ஆங்கிலேய உடலியல் அறிஞரான ஏட்ரியனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மூளைக்கு இதில் வேலை இல்லையா? கால் எழுவதற்கு மூளையின் அனுமதி தேவையில்லை. ஆனால் எவ்வளவு பலமாக எழ வேண்டும் என்பதை மூளையிலிருந்து இறங்கும் பாதைகள் சதா கட்டுப்படுத்திக்கொண்டே இருக்கின்றன. சோதனையின் பயன் முழுக்க இந்த உண்மையில்தான் இருக்கிறது. அனிச்சை அடங்கிப் போனால், சைகை போய்த் திரும்பும் இந்தப் பாதையின், அதாவது அனிச்சை வில்லின், ஏதோ ஒரு பகுதியில் சிக்கல்: உணர்வு நரம்பு, தண்டுவடத் துண்டு, இயக்க நரம்பு, தசை. அனிச்சை மிதமிஞ்சி எழுந்தால், வில் நன்றாக இருக்கிறது, மேலிருந்து வரும் கட்டுப்பாடுதான் அறுந்திருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு பாதிக்கப்பட்ட பக்கக் கால் துள்ளி எழுவது இதனால்தான். ஒரு விதிவிலக்கு உண்டு. பாதிப்பு ஏற்பட்ட புதிதில், குறிப்பாகத் தண்டுவடத்தில் பலத்த காயம் பட்டவுடன், அனிச்சைகள் அடங்கிக் கிடந்து, நாட்களோ வாரங்களோ கழித்தே மிகையாகத் திரும்பும்.

முழங்கால்: படிப்படியாக

மருத்துவர்கள் பயன்படுத்தும் ரப்பர் தலை கொண்ட ரிஃப்ளெக்ஸ் சுத்தியல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் விறைப்பாக நீட்டிய உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க ஓரமே போதும். உலோகச் சுத்தியல், மரக்கட்டை எதுவும் வேண்டாம். முழங்காலில் சமீபத்தில் அறுவை சிகிச்சையோ அடியோ வீக்கமோ இருந்தால் அந்தக் காலில் இந்தச் சோதனையே வேண்டாம்.

1. உட்காருபவரின் பாதம் தரையைத் தொடாத அளவு உயரமான மேசையைத் தேர்ந்தெடுங்கள். தொடை முழுவதும் மேசைமேல் படிந்திருக்க வேண்டும். மேசை விளிம்புக்கும் முழங்காலின் உட்குழிவுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். விளிம்பு குழிவை அழுத்தினால் பின்தசை இறுகும், கீழ்க்காலும் சுதந்திரமாக ஆடாது.

2. முழங்கால் வெறுமையாக இருக்கட்டும். தடித்த துணி தட்டலின் வேகத்தை உறிஞ்சிவிடும். முக்கியமாக, தொடைத் தசையும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

3. இடத்தைக் கண்டுபிடியுங்கள். முழங்கால் சில்லின் கீழ் விளிம்பை விரலால் தொடுங்கள். அங்கிருந்து கீழே நகர்ந்தால் கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதியில் ஒரு மேடு தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவே உள்ள பட்டைதான் தசைநாண். சந்தேகமாக இருந்தால் காலைச் சற்று நீட்டச் சொல்லுங்கள். அப்போது அந்தப் பட்டை விறைத்து விரலுக்குத் தெளிவாகத் தெரியும். அதன் நடுப்பகுதியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு காலை மறுபடி தொங்கவிடச் சொல்லுங்கள்.

4. கால் உண்மையில் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கீழ்க்காலைச் சற்றுத் தூக்கி விட்டால் அது தொங்கி ஆடி நிற்க வேண்டும். விட்ட இடத்திலேயே அந்தரத்தில் நின்றால் தொடை இறுக்கமாக இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் தட்டிப் பயனில்லை.

5. உங்கள் இடது கையை அவர் தொடையின் முன்பக்கம், முழங்காலுக்குச் சற்று மேலே வைத்துக்கொள்ளுங்கள். கால் எழாவிட்டாலும் தசை துடிப்பதை அந்தக் கை உணரும்.

6. மணிக்கட்டைத் தளர்த்தி, சுத்தியலை அதன் எடையாலேயே விழவிடுங்கள். பந்து தரையில் பட்டு எழுவதுபோலச் சுத்தியல் நாணில் பட்டு உடனே திரும்ப வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் செய்யும் பெரிய தவறு, தட்டிய பிறகு சுத்தியலை அங்கேயே அழுத்திப் பிடிப்பது. தசைக்கதிர் நீட்சியின் வேகத்துக்குத்தான் பதில் சொல்லும். மெதுவான அழுத்தத்தால் எதுவும் நடக்காது.

7. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே பத்து வினாடி விடுங்கள். தொடர்ந்து அடித்தால் அந்தச் சினாப்ஸில் சைகை கடத்தல் தற்காலிகமாகக் குறைந்து, பதில் சிறுத்துக்கொண்டே போகும்.

8. வலது, இடது, வலது, இடது என்று மாற்றி மாற்றித் தட்டி ஒப்பிடுங்கள். ஒரு காலை முழுவதும் முடித்துவிட்டு மற்ற காலுக்குப் போனால், முதல் கால் எப்படி எழுந்தது என்ற நினைவு மங்கிவிடும்.

சுத்தியல் முழங்கால் சில்லில் விழுந்தால் வலிதான் மிஞ்சும். மிகக் கீழே, எலும்பு மேட்டில் பட்டாலும் அப்படியே. தட்டல் பக்கவாட்டில் நழுவிப் போனால் நாண் அமுங்காது. ஆகவே பதில் வராதபோது முதலில் சந்தேகிக்க வேண்டியது உங்கள் குறியை.

கால் எழவில்லை என்றால்

எதிர்பார்ப்பும் பதிலைக் கெடுக்கும். தட்டப்போகிறார்கள் என்று முழங்காலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவர் அறியாமல் தசையை இறுக்கிவிடுவார். அவரை எதிர்ச் சுவரைப் பார்க்கச் சொல்லி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்லுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் ஹங்கேரிய மருத்துவர் யெண்ட்ராசிக் 1885இல் விவரித்த உத்தி இருக்கிறது. இரண்டு கைவிரல்களையும் கொக்கிபோல மடக்கி ஒன்றோடொன்று கோத்து, நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொண்டு, "இழுங்கள்" என்று நீங்கள் சொன்னதும் பலமாக எதிரெதிர்ப் பக்கம் இழுக்க வேண்டும். அவர் இழுக்கத் தொடங்கிய அடுத்த நொடிக்குள் தட்டிவிடுங்கள். இதன் விளைவு சில வினாடிகளுக்குத்தான் பலமாக இருக்கும். இழுத்துப் பிடித்து வைத்துக்கொண்டு பத்து வினாடி கழித்துத் தட்டினால் பெரும்பாலும் ஏமாற்றமே. சோதிப்பது கையின் அனிச்சையாக இருந்தால் கை கோப்பதற்குப் பதிலாகப் பல்லைக் கடித்துக்கொள்ளச் சொல்லலாம்.

கை இழுத்தால் கால் ஏன் எழ வேண்டும்? உடலின் ஒரு பகுதியில் பலமாக முயலும்போது தண்டுவடத்தின் மற்றப் பகுதிகளிலும் இயக்க நரம்புகள் எளிதில் தூண்டப்படும் நிலைக்கு வருகின்றன. சோதிக்கப்படும் கால் தளர்ந்தே இருப்பதால் அதன் பதில் பெருத்துத் தெரிகிறது.

இந்த உத்தியைச் செய்தும் இரண்டு கால்களுமே எழவில்லை, ஆனால் அவருக்குப் பலவீனமோ மரத்துப்போதலோ நடையில் மாற்றமோ எதுவுமில்லை என்றால் பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை. முழு ஆரோக்கியமாக இருக்கும் சிலருக்கு இயல்பாகவே அனிச்சைகள் மிகவும் அடங்கியிருக்கும். அதேபோல் பதற்றமாக இருப்பவருக்கு இரு பக்கமும் துள்ளும்.

பதிலைக் குறிக்க மருத்துவர்கள் 0 முதல் 4 வரை எண் போடுகிறார்கள். 0 என்றால் உத்தி செய்தும் ஒன்றுமில்லை. 1 என்றால் லேசான பதில், அல்லது உத்தியோடு மட்டும் வருவது. 2 சராசரி. 3 துடிப்பாக எழுவது. 4 என்றால் மிகை, பல சமயம் தசை திரும்பத் திரும்பத் துடிக்கும் குளோனஸும் சேர்ந்திருக்கும். 1, 2, 3 மூன்றுமே இயல்பாக இருக்கலாம். வலது 3, இடது 1 என்று வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

குதிகாலும் கையும்

குதிகால் நாணைச் சோதிக்க, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு இருக்கையில் மண்டியிடச் சொல்லுங்கள். பாதங்கள் விளிம்புக்கு வெளியே தளர்வாகத் தொங்கட்டும். பாதத்தை உள்ளங்கையால் மெல்ல முன்னோக்கித் தள்ளினால் நாண் சற்று விறைக்கும். குதிகால் எலும்புக்கு மேலே சுமார் மூன்று விரல் தூரத்தில் தட்டுங்கள். கெண்டைக்கால் சுருங்கி, பாதம் உங்கள் கையை உதைக்கும். இந்தப் பாதை தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள எஸ் 1 துண்டைச் சார்ந்தது. முதுகுத்தட்டு பிதுங்கி அந்த நரம்பு வேரை நெருக்கினால் அந்தப் பக்கப் பதில் மட்டும் குறையும். நீண்ட நாள் சர்க்கரை நோயில் நரம்பு பாதிக்கப்படும்போதும் முதலில் அடங்குபவற்றில் இது ஒன்று. வயதானவர்களுக்கு நோய் எதுவும் இல்லாமலேயே இது மறைவதும் உண்டு.

பாதம் உதைப்பதை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். அது திரும்பி வருவதையும் கவனியுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்குத் தசை தளர்வது மெதுவாகும். உதைத்த பாதம் தயங்கித் தயங்கித் திரும்பும்.

கையில் எளிதானது மேற்கையின் முன்பக்கமுள்ள இருதலைத் தசை. அவர் முன்கையை உங்கள் முன்கைமேல் தளர்வாக வைக்கச் சொல்லுங்கள். முழங்கையின் உட்குழிவில் நாணைக் கண்டுபிடித்து, அதன்மேல் உங்கள் கட்டைவிரலை வைத்து, உங்கள் விரல்மேலேயே தட்டுங்கள். தசை இழுப்பது விரலுக்குத் தெரியும். இது கழுத்துப் பகுதியின் சி 5, சி 6 துண்டுகளைக் கேட்கிறது. முழங்கைக்குப் பின்னால் உள்ள முத்தலைத் தசை முக்கியமாக சி 7ஐக் கேட்கிறது.

உள்ளங்காலைக் கீறிப் பார்க்கும் சோதனையை, 1896இல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் பபின்ஸ்கி விவரித்ததை, பலர் ஆர்வத்தில் வீட்டில் செய்துவிட்டு மிரண்டு போகிறார்கள். கூச்சத்தில் காலை இழுப்பதற்கும் பெருவிரல் உண்மையில் மேலே வளைவதற்கும் உள்ள வித்தியாசம் பழகிய கண்ணுக்குத்தான் புரியும். கைக்குழந்தைகளுக்குப் பெருவிரல் மேலே வளைவது இயல்பு. மூளையிலிருந்து இறங்கும் பாதைகள் முதிர்ந்த பிறகே அது மாறும். இதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

கண்பாவை: உள்ளே போகும் பாதையா, வெளியே வரும் பாதையா?

நரம்பு மண்டலத்தைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த சோதனை வீட்டில் இல்லை. ஏனென்றால் சைகை நுழையும் வழியும் வெளியேறும் வழியும் இதில் வெவ்வேறு நரம்புகள். பிழை எந்த வழியில் என்று தர்க்கத்தாலேயே கண்டுபிடிக்கலாம்.

ஒளி விழித்திரையில் விழுந்ததும் சைகை இரண்டாம் மூளை நரம்பான பார்வை நரம்பு வழியாக நடுமூளைக்குப் போகிறது. அங்கே அது இரு பக்கத்துக்கும் பகிரப்படுகிறது. பிறகு மூன்றாம் மூளை நரம்பு வழியாக ஒவ்வொரு கண்ணுக்கும் திரும்பி, பாவை என்ற நடுத் துளையைச் சுற்றியுள்ள நிறத் திரையான ஐரிஸில் உள்ள வட்டத் தசையைச் சுருக்குகிறது. ஆகவே ஒரு கண்ணில் மட்டும் ஒளி அடித்தாலும் இரண்டு பாவைகளும் சேர்ந்தே சுருங்கும்.

அறையை மங்கலாக்கி இரண்டு நிமிடம் காத்திருங்கள். பாவை விரிந்திருந்தால்தான் சுருங்குவது தெரியும். முழு இருட்டானால் உங்களுக்கும் எதுவும் தெரியாது. அவரைத் தொலைவில் உள்ள ஏதாவது ஒன்றையே பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் முகத்தையோ டார்ச்சையோ பார்த்தால், கிட்டப் பார்வைக்காகவே பாவை சுருங்கிவிடும். நீங்கள் ஒளிக்கு வந்த பதில் என்று ஏமாந்து போவீர்கள். மூக்கின்மேல் உங்கள் கையைத் தடுப்பாக வையுங்கள். சாதாரணச் சிறு டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து இரண்டு வினாடி ஒளி காட்டுங்கள். லேசர் எந்தக் காரணத்துக்கும் கூடாது. முதலில் ஒளி பட்ட கண்ணைப் பாருங்கள். அரை நிமிடம் கழித்து மீண்டும் அதே கண்ணில் ஒளி காட்டி, இந்த முறை மற்றக் கண்ணைப் பாருங்கள். பிறகு இடம் மாற்றுங்கள்.

ஒளி பட்டதிலிருந்து சுருக்கம் தொடங்க ஏறத்தாழ கால் வினாடி ஆகும். முழங்காலைவிடப் பத்து மடங்கு தாமதம். விழித்திரையில் ஒளி வேதிமாற்றங்கள் வழியாக மின்சைகையாவதற்கும், ஐரிஸின் மென்தசை சுருங்கத் தொடங்குவதற்கும் நேரம் பிடிப்பதே காரணம். வெளிச்சத்தில் பாவையின் விட்டம் சுமார் 2 முதல் 4 மில்லிமீட்டர், இருட்டில் 4 முதல் 8.

இப்போது பதிலைப் படிப்போம். வலது கண்ணில் ஒளி அடித்தால் இரண்டு பாவைகளும் சோம்பலாகச் சுருங்குகின்றன, இடது கண்ணில் அடித்தால் இரண்டும் நன்றாகச் சுருங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். வெளியேறும் வழிகள் இரண்டும் சரி, வலது கண்ணிலிருந்து உள்ளே போகும் வழியில்தான் குறை. மாறாக, எந்தக் கண்ணில் ஒளி அடித்தாலும் இடது பாவை சுருங்குகிறது, வலது பாவை எப்போதுமே அசையவில்லை என்றால், ஒளி உள்ளே போய்ச் சேர்கிறது, வலது கண்ணுக்கு வெளியே வரும் மூன்றாம் நரம்பிலோ ஐரிஸ் தசையிலோதான் சிக்கல். பாவையை விரிக்கும் சொட்டு மருந்து போட்டிருந்தாலும் இப்படித்தான் தெரியும், அதன் விளைவு பல மணி நேரம் இருக்கும். முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு பாவைகளும் சற்று வேறு அளவில் இருந்தால் உடனே பதற வேண்டாம். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஒரு மில்லிமீட்டருக்குள் இயல்பான வித்தியாசம் உண்டு. வெளிச்சத்திலும் இருட்டிலும் வித்தியாசம் ஒரே அளவாக இருப்பது நல்ல அறிகுறி. ஆனால் தலையில் அடிபட்ட ஒருவருக்கு ஒரு பாவை புதிதாக விரிந்து கிடந்தால், சோதித்துக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.

கண்ணின் முன்பக்க ஒளிபுகும் படலமான கார்னியாவைப் பஞ்சால் தொட்டு இமைப்பதைப் பார்க்கும் சோதனையும், தொண்டையைத் தொட்டுக் குமட்டலைப் பார்ப்பதும் வீட்டில் வேண்டவே வேண்டாம். கீறலும் புரையேறலும் நிஜமான ஆபத்துகள்.

தலை ஆடினாலும் எழுத்து ஆடாதது

உடலின் மிக வேகமான அனிச்சைகளில் ஒன்றைக் காண ஒரு பக்கம் அச்சிட்ட தாள் போதும். தாளைக் கை நீளத்தில் அசையாமல் பிடித்து, "இல்லை" என்பதுபோலத் தலையை வினாடிக்கு இரண்டு முறை சிறிதாக ஆட்டிக்கொண்டே படியுங்கள். படிக்க முடியும். இப்போது தலையை அசைக்காமல், தாளை அதே வேகத்தில் இடமும் வலமும் ஆட்டுங்கள். எழுத்துகள் கலங்கிவிடும்.

இரண்டிலும் கண்ணுக்கும் தாளுக்கும் நடுவே நடக்கும் அசைவு ஒன்றுதான். பாதைதான் வேறு. தலை திரும்பும்போது உட்செவியின் அரைவட்டக் குழல்கள் அதை உணர்ந்து, மூன்றே நியூரான்கள் கொண்ட பாதையில் கண் தசைகளுக்குச் சொல்லிவிடுகின்றன. சுமார் 10 மில்லி வினாடிக்குள் கண் எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது. தாள் நகரும்போதோ விழித்திரையும் மூளையின் பார்வைப் பகுதிகளும் அதைக் கண்டுபிடித்துக் கணக்கிட வேண்டும். அதற்கு ஏறத்தாழ 100 மில்லி வினாடி போய்விடுகிறது. கழுத்து வலியோ தலைச்சுற்றலோ உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம். நடக்கும்போதும் பயணத்திலும் எதிரே உள்ளவை குதிப்பதுபோலத் தோன்றினால், இந்த அனிச்சை பழுதாகியிருக்கலாம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஸ்கேலைப் பிடிப்பது அனிச்சை அல்ல

விழும் ஸ்கேலைப் பிடிக்கும் விளையாட்டை அனிச்சைச் சோதனை என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அது தவறு. ஸ்கேல் விழுவதைப் பார்த்து, பிடிக்க முடிவெடுத்து, பெருமூளையிலிருந்து கைக்குக் கட்டளை போக வேண்டும். இது எதிர்வினை நேரம். பழக்கத்தால் ஓரளவு குறையும், தூக்கம் கெட்டாலும் மது அருந்தினாலும் கூடும். முழங்கால் அனிச்சையின் 20 மில்லி வினாடியை எந்தப் பயிற்சியாலும் பாதியாக்க முடியாது. இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து பார்த்தால் வித்தியாசம் நன்றாக மனதில் பதியும்.

முன்கையை மேசைமேல் படியவைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். 30 சென்டிமீட்டர் ஸ்கேலை இன்னொருவர் செங்குத்தாகப் பிடித்து, பூச்சியம் உங்கள் கட்டைவிரலின் மேல் விளிம்புக்கு நேராக வரும்படி தொங்கவிட வேண்டும். விரல்களுக்கு நடுவே 2 சென்டிமீட்டர் இடைவெளி, ஸ்கேல் எந்த விரலையும் தொடக்கூடாது. 2 முதல் 5 வினாடிக்குள் எதிர்பாராத நேரத்தில் அவர் விட வேண்டும். பிடித்ததும் கட்டைவிரலின் அதே மேல் விளிம்பில் அளவைப் படியுங்கள். முதல் மூன்றைக் கணக்கில் சேர்க்காமல், அடுத்த பத்தையும் ஏறுவரிசையில் எழுதி, நடுவில் வரும் இரண்டு மதிப்புகளுக்கும் சரிபாதியில் உள்ளதை எடுங்கள். பத்தின் சராசரியையும் எடுத்தால் ஒரே ஒரு கவனச் சிதறல் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

தூரத்தை நேரமாக மாற்ற: தூரத்தை மீட்டரில் எழுதி, இரண்டால் பெருக்கி, 9.8ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள்.

10 செ.மீ. – 0.14 வினாடி
15 செ.மீ. – 0.17 வினாடி
20 செ.மீ. – 0.20 வினாடி
25 செ.மீ. – 0.23 வினாடி
30 செ.மீ. – 0.25 வினாடி

10 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் பெருமைப்பட வேண்டாம். பெரும்பாலும் அது ஊகித்துப் பிடித்தது, அல்லது விடுபவரின் விரல் அசைவை முன்கூட்டியே பார்த்தது. அவர் மூச்சை இழுப்பது, உதட்டைக் கடிப்பது எல்லாம் உங்களுக்குத் தகவல்தான். கையைப் பார்க்காமல் ஸ்கேலின் கீழ்ப்பகுதியையே பாருங்கள். தொடக்கத்தில் பூச்சியம் ஒரு சென்டிமீட்டர் தள்ளியிருந்தால், 15 சென்டிமீட்டர் அருகே கிட்டத்தட்ட 6 மில்லி வினாடி பிழை வரும்.

கண்ணை மூடிக்கொண்டு, விடும் கணத்தில் விடுபவர் தோளைத் தொடும்படியும் செய்யலாம். தொடுதலுக்கும் ஒலிக்கும் எதிர்வினை பொதுவாகப் பார்வையைவிட விரைவு. விழித்திரையில் ஆகும் தாமதம் இங்கே இல்லை. ஆனால் விடுபவரின் இரண்டு கைகளும் துல்லியமாக ஒரே கணத்தில் இயங்காது என்பதால், இந்த அளவைத் தோராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சூடான பாத்திரத்திலிருந்து கை வெடுக்கென்று விலகுவது உண்மையான அனிச்சை. இதை வேண்டுமென்றே சோதிக்க வேண்டாம், ஆனால் அடுத்த முறை தற்செயலாக நடந்தால் கவனியுங்கள். முதலில் கை விலகும், பிறகு சுரீரென்ற வலி, அதற்கும் சற்றுப் பின்னால் எரிச்சல். சுரீர் வலியைக் கொண்டுபோவது வினாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகமுள்ள மெல்லிய மயலின் இழைகள். எரிச்சலைக் கொண்டுபோவது மயலின் உறையே இல்லாத, வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டாத இழைகள். கையை விலக்கும் வேலையைத் தண்டுவடம் பல இடைநியூரான்களைக் கொண்டு முடித்த பிறகே வலி மூளைக்கு எட்டுகிறது. முள்ளை மிதித்தவர் ஒரு காலைத் தூக்கும் அதே கணத்தில் மற்றக் கால் விறைத்து உடலைத் தாங்குவதும் இதே தண்டுவட வேலைதான்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

வீட்டுச் சோதனையால் நோயைக் கண்டறிய முடியாது. பதில் சரியாக இருப்பதால் நோய் இல்லை என்றும் ஆகாது. முகம் கோணுதல், ஒரு கை சரிதல், பேச்சுக் குழறல் திடீரென்று வந்தால் எந்த அனிச்சையையும் சோதிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பாதங்களில் தொடங்கிய பலவீனம் சில நாட்களில் மேலே ஏறிக்கொண்டே வந்து, முன்பு எழுந்த முழங்கால் இப்போது எழவில்லை என்றால், அதுவும் அவசரம்தான். கில்லன்-பாரே என்ற நரம்பு நோய் இப்படி வரும், மூச்சுத் தசைகளையும் தொடக்கூடியது. முதுகு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு கெடுவதும், தொடைகளின் உட்புறம் மரத்துப்போவதும் அவசரமே.

அவசரமில்லாத, ஆனால் காட்ட வேண்டியவை: மறுநாளும் மாறாத வலது-இடது வித்தியாசம், பாதம் தொடர்ந்து துடிப்பது, அனிச்சை குறைவோடு சேர்ந்த மரத்துப்போதல். போகும்போது எந்த மூட்டு, எந்தப் பக்கம், கை கோத்து இழுத்தபோது பதில் மாறியதா, எப்போதிலிருந்து, என்னென்ன மருந்துகள் சாப்பிடுகிறார் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். "ரிஃப்ளெக்ஸ் சரியில்லை" என்ற ஒரு வரியைவிட அந்தத் தாள் மருத்துவருக்கு அதிகம் உதவும்.